சுவரில் கை வைத்த வாசகர்

வேலையில் சேர்ந்த இரண்டாம் நாள் காலையில் புகார்ப் பதிவேட்டைத் திறந்தேன். பச்சை மையில், கோடு தாண்டாத கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது: "சுவர்க் கடிகாரம் மூன்று நிமிடம் மெதுவாக ஓடுகிறது. நூலகத்தைத் திறப்பது அந்தக் கடிகாரப்படி. மூடுவது நூலகரின் கைக்கடிகாரப்படி. நட்டம் வாசகருக்கு. இப்படிக்கு, ஒரு வாசகர்."

பெயர் கிடையாது, முகவரி கிடையாது. முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். பல வருடத்துப் பதிவேடு அது. பக்கத்துக்குப் பக்கம் அதே பச்சை மை, அதே ஒரு வாசகர். இரண்டாவது படிக்கட்டில் கல் ஆடுகிறது. குடை வைக்கும் வாளியில் ஓட்டை. மூன்றாம் அலமாரியில் சமையல் புத்தகங்களுக்கு நடுவே சட்டப் புத்தகம் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு முன்னால் இருந்த நூலகர் ஏன் மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார் என்பது லேசாகப் புரிந்தது.

குன்னூருக்குக் கொஞ்சம் மேலே, மலையை வெட்டி இடம் பண்ணிக் கட்டிய சின்னக் கிளை நூலகம் அது. எனக்கு அதுதான் முதல் வேலை. கோபிச்செட்டிப்பாளையத்து வெயிலில் வளர்ந்தவள் நான். ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்த நாட்களில் இந்தப் புகார்களும் சேர்ந்துகொண்டன. எதிரே டீக்கடை வைத்திருந்த அண்ணனிடம், இது யார் என்று கேட்டேன்.

"பாயைத் தவிர வேற யாருங்க மேடம் எழுதப் போறாங்க?" என்று சிரித்துக்கொண்டே நூலகத்துக்குள் கை காட்டினார்.

பின்பக்கச் சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் அவர். ஒல்லியான உயரமான ஆள். முழங்கையில் தோல் வைத்துத் தைத்த பழுப்பு ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர். தினமும் பத்து மணிக்கு வருவார். வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்மா முடித்துவிட்டுத் தொப்பியோடு இரண்டு மணிக்கு வருவார். அந்தப் பெஞ்சைத் தவிர வேறெங்கும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நீங்கதானுங்களா சார் அந்த ஒரு வாசகர்?"

"படிக்கறவன் நானு. ஒருத்தனாத்தான் வாரேன். வேற என்னத்தைங்க போடறது?"

"எங்கிட்ட நேராவே சொல்லலாமுங்களே. எதுக்கு எழுதறீங்க?"

"வாயில சொன்னா உங்களோட போயிருமுங்க. எழுதி வெச்சா உங்களுக்கு அடுத்தாப்ல வாரவங்களும் படிப்பாங்க."

சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத என்னிடம் எனக்கு அடுத்து வருகிறவரைப் பற்றிப் பேசுகிறாரே என்று சுருக்கென்றது.

ஆனால் அவர் புகாரில் ஒன்றுகூடப் பொய்யில்லை. எனக்கு எரிச்சலே அதுதான். ஒரு துப்பறியும் நாவலைப் பற்றி எழுதியிருந்தார்: "கடைசிப் பக்கத்தை யாரோ கிழித்துவிட்டார்கள். கொலையாளி யார் என்று தெரியாமல் நான்கு நாட்களாக நிம்மதி இல்லை. கிழித்தவர் பக்கத்தைத் திருப்பித் தர வேண்டாம், ஆளின் பெயரை மட்டும் சொன்னால் போதும்." ஊருக்குப் போயிருந்தபோது அங்கே நூலகத்தில் அதே நாவலைத் தேடிப் பிடித்து, கடைசிப் பக்கத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தேன். நின்றபடியே படித்தார். "நான் நெனச்ச ஆளுதானுங்க" என்றார். நன்றி சொல்வார் என்று காத்திருந்தேன். மறுநாள் பதிவேட்டில், "இணைக்கப்பட்ட பக்கத்தில் கையெழுத்து தெளிவாக இல்லை" என்று இருந்தது.

ரம்ஜானுக்கு எனக்கும் டீக்கடை அண்ணனுக்கும் அவர் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. தூக்கைக் கையில் கொடுக்கும்போதே, "உப்பு ஒரு கல்லு கம்மிங்க. சாப்பிட்டுட்டுச் சொல்லாதீங்க, முன்னாலயே சொல்லிப்போட்டேன்" என்றார். அவ்வளவு ருசியான பிரியாணியை அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதில்லை. உப்பு ஒரு கல் கம்மிதான்.

அவருடைய மூக்கையும் கையையும் பற்றி டீக்கடை அண்ணன்தான் எனக்குச் சொன்னார். ஒருநாள் கிளாஸை வாயருகே கொண்டுபோன பாய், குடிக்காமல் கீழே வைத்துவிட்டாராம். "பால் நல்ல பாலுதான். தூளைத்தான் ஈரத்துல வெச்சிருக்கீங்க" என்றாராம். டப்பாவைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்ததாம். கையை விட்டு அடித்தூளை அள்ளினால் கட்டி கட்டியாக வந்ததாம்.

"டீ ஃபாக்டரில முப்பது வருசமுங்க மேடம். கொழுந்து வாட்டற எடத்துல இருந்தவரு. அவரு கையை வெச்சு வாடிருச்சுன்னு சொன்னாத்தான் மிஷினே ஓடுமாம்."

பறித்து வந்த தேயிலைக் கொழுந்தைக் கம்பி வலைமேல் பரப்பி, அடியிலிருந்து விசிறிக் காற்றைவிட்டு வாட்டுவார்களாம். ஒரு கைப்பிடி அள்ளி உருண்டை பிடித்தால், உருண்டை அப்படியே நிற்க வேண்டும். உதிர்ந்து விரிந்தால் ஈரம் பாக்கி. முப்பது வருடம் அந்த மனிதர் செய்த வேலை, ஒரு பொருளுக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கையால் சொல்வது. இதைக் கேட்டுவிட்டு, "ஓ" என்று சொல்லிவிட்டு மறந்துபோனேன். மறந்திருக்கக் கூடாது.

சனிக்கிழமைகளில் குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்துக் கதை படிப்பது என் வழக்கம். எங்கள் பக்கம் காட்டெருமைகள் தெருவுக்குள் வந்து போகும். ஒரு சனிக்கிழமை நூலக வாசலிலேயே ஒன்று நின்றுகொண்டு, முக்கால் மணி நேரம் எங்களை வெளியே விடவில்லை. பயத்தில் அழ ஆரம்பித்த குழந்தைகளைச் சமாளிக்க, "அது எதுக்கு வந்திருக்கும், சொல்லுங்க பார்க்கலாம்" என்றேன். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் மகள், ஏழு வயதுக்காரி, "புஸ்தகத்தைத் திருப்பிக் குடுக்க வந்திருக்கு மிஸ்" என்றாள். அங்கே பிறந்தது கதை. ஒரு காட்டெருமைக் கன்று நூலகப் புத்தகத்தைப் பாதி தின்றுவிடுகிறது. மீதிப் பாதியை வாயில் கவ்விக்கொண்டு, திருப்பிக் கொடுக்க ஊருக்குள் வருகிறது. ஆளுக்கொரு துண்டாக ஆறு வாரம் சொல்லிக் கதையை முடித்தார்கள்.

பள்ளிக்கூடத்து ஓவிய டீச்சர் இதைக் கேட்டுவிட்டு, "இதைச் சுவத்துல வரைஞ்சா என்னங்க?" என்றார். ஆறு படம், குழந்தைகள் உயரத்துக்கு, நூலகத்தின் பின்பக்கச் சுவர் முழுக்க. டீக்கடையில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்தோம். ஆட்டோ ஸ்டாண்டு, கம்பளிக் கடைகள், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள் என்று எல்லாரும் அதில் காசு போட்டார்கள். அந்த ஏழு வயதுக்காரியின் அம்மா கூடையோடு வாசலில் நின்று, "எம் புள்ள சொன்ன கதைங்களா மேடம்? நெசமாலுமே சுவத்துல வருமுங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். வரும் என்று நான் இரண்டு தடவை சொன்னேன்.

டின் நிரம்பியதும் நூலகத்தில் ஒரு கூட்டம் போட்டோம். எல்லாரும் பேசி முடித்த பிறகு பாய் எழுந்தார்.

"இந்தச் சுவரு வேண்டாமுங்க. ஈரமா இருக்குது."

அது ஏப்ரல் மாதம். மழை பெய்து பல வாரம் ஆகியிருந்தது. சுவர் எல்லார் கண்ணுக்கும் எலும்பு மாதிரிக் காய்ந்துதான் கிடந்தது. ஓவிய டீச்சர் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து வந்த ஒருவர், "பாய்க்குப் பெஞ்சை நகத்தறதுதான் கஷ்டம். சுவத்துக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து பதிவேட்டில் தினமும் ஒரு வரி. "இன்று காலை பதினொரு மணிக்குச் சுவரில் கை வைத்தேன். ஈரம்." "இன்று மதியம் கை வைத்தேன். ஈரம்." பதிவேடு மேஜைமேல் எல்லாரும் எடுக்கும்படி இருக்க வேண்டும் என்பது விதி. டின்னில் போட்டவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குக் கவலை. பத்தாம் நாள் பதிவேட்டை எடுத்து மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். பதினோராம் நாள் அவர் வந்து மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்கு மறுநாள் அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. நிம்மதியாக இருந்தது என்று சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மே மாதம் மூன்றாவது வாரம் படங்கள் முடிந்தன. ஜூனில் பள்ளி திறக்கும் அன்று திறப்பு விழா என்று முடிவு செய்தோம். இடையில் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஆறு நாள் விடாமல் பெய்தது. ஏழாம் நாள் காலையில் நூலகத்தைத் திறந்தபோது கன்றுக்குட்டியின் முகத்தில் கொப்பளம் கொப்பளமாக எழும்பியிருந்தது. ஒன்றை விரலால் தொட்டேன். மூக்கு முழுசாக என் கையோடு வந்துவிட்டது. உள்ளே சாந்து கொழகொழவென்று இருந்தது.

ஓவிய டீச்சர் தரையில் உட்கார்ந்து அழுதார். ஆட்டோக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வாரமே விஷயம் எட்டி, மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஜூன் கடைசியில் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார், சுவர் பாழாகியிருந்தால் வெள்ளையடித்து இரும்பு அலமாரி போட்டுவிடலாம் என்றார்கள். எனக்கு அந்த அம்மா கூடையோடு நின்று இரண்டு தடவை கேட்டதுதான் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

டிராயரைத் திறந்து பதிவேட்டை எடுத்துக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனேன். வாசலில் குடையை விரித்துக் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். முதல் பார்வை என் முகத்துக்கு வரவில்லை, கையிலிருந்த பதிவேட்டுக்குத்தான் போனது.

"எங்கீங்க இருந்துச்சு இது?"

"நான்தான் சார் பூட்டி வெச்சேன். தப்பு பண்ணிட்டேன்."

"உரிஞ்சிருச்சுங்களா?"

"மூக்கு போயிருச்சுங்க சார்."

குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு மஃப்ளரை எடுத்துச் சுற்றிக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

நூலகத்துக்கு வந்து, சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கீழே, நடுவில், மேலே என்று வைத்துப் பார்த்தார். பிறகு கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். மலைச் சரிவுக்கும் சுவருக்கும் இடையில் ஓர் ஆள் நுழையும் சந்து. அதில் ஒரு கால்வாய் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. மண்ணும் சருகும் முழங்கால் உயரத்துக்கு மூடிக் கிடந்தன.

"மலைத்தண்ணி போறதுக்கு வழியில்லீங்க. சுவத்துக்குள்ள போகுது. இதைத் தோண்டோணும். உள்ள பூச்சு மொத்தத்தையும் கொத்தோணும். அப்பறம் வாட்டோணும்."

"எதைங்க?"

"சுவத்தைத்தானுங்க."

அவர் வேலை பார்த்த ஃபாக்டரியில் கழற்றிப் போட்டிருந்த பழைய விசிறிகளில் சின்னதாக ஒன்று ஜீப்பில் வந்து இறங்கியது. சின்னது என்றால் என் இடுப்பு உயரம். ஃபாக்டரி எலெக்ட்ரீஷியன் மோட்டாரை மாற்றி எங்கள் கரண்ட் லைனில் ஓடவைத்தார். கூட்டத்தில் சிரித்த ஆட்டோக்காரரே மண்வெட்டியோடு முதல் ஆளாகச் சந்துக்குள் இறங்கினார். இரண்டு நாளில் கால்வாய் திறந்தது. பூச்சைக் கொத்தி எடுத்தபோது மீதியிருந்த கன்றுக்குட்டியும் துண்டு துண்டாக விழுந்தது. அதை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

பிறகு தொடங்கியது வாட்டல். கொழுந்துக்குச் சொல்லும் விதிகள் எல்லாம் சுவருக்கும் உண்டு என்றார். அவசரப்படுத்தக் கூடாது, அனல் காட்டினால் வெடிக்கும். வெயில் எட்டிப் பார்த்தால் ஜன்னலைத் திறந்து விசிறியை ஓட்ட வேண்டும். மூடுபனி ஏறினால் உடனே நிறுத்தி ஜன்னலைச் சாத்த வேண்டும், இல்லாவிட்டால் பனியைத்தான் சுவருக்குள் அனுப்புவோம். கீழே பர்லியார் பக்கமிருந்து வெள்ளையாக ஏறி வருவது டீக்கடையிலிருந்து முதலில் தெரியும். அண்ணன் விசில் அடிப்பார், நான் ஓடிப்போய் ஸ்விட்சை அணைப்பேன். ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை ஓடினேன். நூலகத்துக்கு வருகிறவர்கள் காற்றில் பறக்கும் செய்தித்தாளை முழங்கையால் அமுக்கிக்கொண்டு படித்தார்கள்.

தினமும் காலையில் அவர் கை வைப்பார். நாங்கள் எல்லாரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

"இன்னும் ஆகலீங்க."

ஆய்வு நெருங்க நெருங்க நாட்களை எண்ண ஆரம்பித்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், "மேலே காஞ்சிருச்சே சார். பூசி, ஒரு படமாவது வரைஞ்சு வெச்சுட்டா அதிகாரி ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றேன்.

"கெஞ்சினாலும் கொழுந்து வாடாதுங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "அந்தப் புள்ளைகிட்ட ரெண்டாந்தடவையும் மூக்கு போயிருச்சுன்னு நீங்க சொல்லுவீங்களா? நான் சொல்ல மாட்டனுங்க."

அன்றுதான் கேட்டேன், இவ்வளவு ஈரம் என்று தெரிந்தும் இத்தனை வருடம் ஏன் அந்தச் சுவரோரத்திலேயே உட்கார்ந்தார் என்று.

"வேற எடத்துலெல்லாம் புள்ளைங்க உக்காருதுங்களே. அதுங்க இங்க உக்காந்தா சளி புடிக்கும். எனக்கு ஈரம் பழக்கமுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெளிச்சமும் அங்கதான் நல்லா வருது" என்றும் சேர்த்துக்கொண்டார். பெஞ்சுக்காகச் சண்டை போடுகிறார் என்று ஊரே சிரித்ததும் அதில் நானும் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. புத்தகப் பட்டியல் எழுதுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதிகாரி வந்த அன்று சுவர் மொட்டைக் கல்லாக நின்றது, விசிறி உறுமிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

நான் எழுவதற்குள் பாய் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். "சுவத்தை வாட்டறமுங்க."

"என்னது?"

"கையைக் குடுங்க. இங்க வெய்யுங்க. இப்ப இங்க, கீழ. வித்தியாசம் தெரியுதுங்களா?"

அதிகாரி முதலில் முகம் சுளித்தார். பிறகு கையை எடுக்கவே இல்லை. மேலே வைத்தார், கீழே வைத்தார், தானாகவே நகர்ந்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார். "ஆமா, கீழே இன்னும் இருக்கு" என்றார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, நான் பயந்ததையே கேட்டார். "புகார்ப் பதிவேட்டைக் கொண்டு வாங்க."

பச்சை மையில் பத்து நாள் ஈரத்தையும் படித்தார். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் எதுவும் இல்லாமல் கிடந்ததைக் கவனித்தார். "இவ்வளவு தூரம் எழுதியிருக்கே, அப்புறமும் ஏன் வரைஞ்சீங்க? அதுக்கப்புறம் ஏன் ஒண்ணுமே இல்லை?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"எனக்கு ஒடம்புக்கு முடியலீங்க, அதான் எழுதலை" என்று அவர் முந்திக்கொண்டார். "எழுதினது நானு. அதை எடுத்துட்டு என்னைத் தேடி ஊட்டுக்கே வந்தது மேடம். எந்த நூலகருங்க புகாரைத் தூக்கிட்டு வாசகரு ஊட்டுக்கு வாராங்க?"

இரண்டாவது பாதி உண்மை. முதல் பாதி, புகார் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாத அந்த மனிதர் எனக்காகச் சொன்ன பொய். அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு காலை. ஆறு படங்களும் வர வேண்டிய ஆறு இடங்களிலும் பாய் கை வைத்தார். கடைசி இடத்தில் ரொம்ப நேரம் நின்றார். டீக்கடை அண்ணன் கையில் கிளாஸோடு வாசலில் காத்திருந்தார்.

"பூசச் சொல்லுங்க" என்றார் பாய்.

சுண்ணாம்புப் பூச்சையும் காயவிட்டு, அதன்மேலும் கை வைத்த பிறகுதான் டீச்சர் தூரிகையைத் தொட்டார். ஐப்பசிக்கு முன்னால் கன்றுக்குட்டி மறுபடியும் பாதிப் புத்தகத்தைக் கவ்விக்கொண்டு ஊருக்குள் வந்தது. அந்த ஏழு வயதுக்காரிக்கு அதற்குள் எட்டு வயதாகியிருந்தது. சுவர் முன்னால் நின்று, கன்றின் மூக்கில் விரலை வைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். மூக்கு அங்கேயே இருந்தது. அவளுடைய அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. பாயைத் தேடினேன். பெஞ்சை எதிர்ப்பக்கம் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பதிவேட்டில் எழுதியிருந்தார்: "ஐந்தாம் படத்தில் கன்றுக்கு மூன்று கால்களே தெரிகின்றன. நான்காவது கால் எங்கே என்று இரண்டு குழந்தைகள் கேட்டனர். பதில் சொல்ல முடியவில்லை. சுவரில் ஈரம் இல்லை. இப்படிக்கு, ஒரு வாசகர்." அன்று மாலையே டீச்சர் வந்து, படத்திலிருந்த மேஜைக்குப் பின்னாலிருந்து ஒரு குளம்பு எட்டிப் பார்க்கும்படி வரைந்துவிட்டுப் போனார்.

மூன்று மழைக்காலம் அந்தச் சுவரைப் பார்த்தேன். ஒரு கொப்பளம்கூட எழும்பவில்லை. அப்புறம் அவர் கோயம்புத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே எந்த நூலகர் மாட்டியிருக்கிறாரோ, அவருக்கு என் அனுதாபங்கள். அடுத்த வருடம் எனக்கும் மாறுதல் வந்தது. கிளம்பும் அன்று எனக்கு அடுத்து வந்தவரிடம் சாவியோடு பதிவேட்டையும் கொடுத்து, முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொன்னேன்.

இப்போது இருப்பது சமவெளியில் பெரிய நூலகம். வெயில் கொளுத்துகிறது. சுவரில் ஈரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சேர்ந்த முதல் நாள் மேஜைமேல் புகார்ப் பதிவேடு இருந்தது. வாங்கிய புதுசு கலையாமல் இருந்தது. எல்லாப் பக்கமும் வெறுமை. கடிகாரம் சரியாக ஓடியது, படிக்கட்டில் எந்தக் கல்லும் ஆடவில்லை. குழந்தைகள் பகுதியில் நாலு பேர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வெள்ளையடித்த நீளமான சுவர். எழுந்துபோய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது.

அன்று மதியம் கடைக்குப் போய் ஒரு பச்சைப் பேனா வாங்கி வந்தேன். பதிவேட்டின் முதல் பக்கத்தில், கையெழுத்து தெளிவாக இருக்கும்படி நிறுத்தி நிதானமாக எழுதினேன்: "குழந்தைகள் பகுதியில் சுவர் வெறுமையாக இருக்கிறது. இப்படிக்கு, ஒரு வாசகர்."